கராஜ் பீரும் இரண்டாவது கிளாஸும்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவனுக்குக் கஷ்டமான வேலை காய்ச்சுவது இல்லை, காய்ச்சியதை இன்னொரு மனுஷனைக் குடிக்க வைப்பதுதான். பார்லி சொன்னபடி கேட்கும், ஈஸ்ட் சொன்னபடி கேட்கும், நம்ம ஆட்கள் மட்டும் கேட்கவே மாட்டார்கள்.

நான் வாரத்தில் ஐந்து நாள் டேட்டாபேஸ் மேய்ப்பவன். சனிக்கிழமை விடிந்தால் டெக்சஸின் காப்பெல் ஊரில் என் வீட்டு கராஜில் பெரிய பாத்திரத்தை அடுப்பில் ஏற்றிவிடுவேன். ஐந்து வருஷமாக இது நடக்கிறது. உங்களில் யாராவது வீட்டிலேயே ரொட்டி சுட்டு, சோப்பு காய்ச்சி, அல்லது கவிதை எழுதி, அதை நண்பர் கையில் கொடுத்துவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தால், நீங்கள் என் இனம். இப்படி வந்து உட்காருங்கள். மற்றவர்களுக்கு இந்த வலி புரியாது.

ஃப்ரிட்ஜில் ஒட்டிய காகிதம்

ஏப்ரலில் ஒரு சாயங்காலம் ஆலங்கட்டி மழை. டெக்சஸ் ஆலங்கட்டி என்றால் சும்மா இல்லை, எலுமிச்சம்பழ சைஸ். தெருவில் எல்லாருடைய காரும் கராஜுக்குள் பத்திரமாக இருந்தது. என் மனைவி சுகந்தியின் கார் மட்டும் வெளியே நின்றது. அது நிற்க வேண்டிய இடத்தில் என் பாத்திரம், பக்கெட்டுகள், ஒரு பழைய ஃப்ரிட்ஜ், பெட்டி பெட்டியாகக் காலி பாட்டில்கள். மழை விட்டதும் போய்ப் பார்த்தோம். காரின் கூரை பணியாரக்கல் மாதிரி இருந்தது.

சுகந்தி சத்தம் போடுகிற ரகம் இல்லை. போட்டிருந்தால் தப்பித்திருப்பேன். அவளுக்கு ஆபீசில் டெஸ்டிங் வேலை. மற்றவர்கள் எழுதிய மென்பொருளைக் கையில் வாங்கி, என்னென்ன நடந்தால் பாஸ், என்னென்ன நடக்காவிட்டால் ஃபெயில் என்று முன்கூட்டியே எழுதிவைத்துவிட்டுத்தான் தொடுவாள். அன்றைக்கு எனக்கும் எழுதினாள். ஐந்தே வரி. செப்டம்பர் முதல் திங்களில் வரும் லேபர் டேக்குள் வெளியாள் ஒருவராவது என் பீரை இரண்டாவது தடவை கேட்டு வாங்க வேண்டும். அவராகவே கேட்க வேண்டும், நான் தூண்டக்கூடாது. வீட்டு ஆள் கேட்டால் செல்லாது. நடந்தால் கராஜ் எனக்கு. நடக்காவிட்டால் சாமான் மொத்தமும் டொனேஷனுக்குப் போகும், கார் உள்ளே வரும். காகிதத்தை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள்.

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பதினேழு வருஷமாக அமெரிக்காவில் இருக்கிறேன், என் கையால் செய்து, இது நான் செய்தது என்று தூக்கிக் காட்ட இந்த ஒன்றுதான் இருக்கிறது. டேட்டாபேஸை யாரிடம் தூக்கிக் காட்டுவது? ஐந்து வருஷமாக எத்தனை பேர் குடித்திருக்கிறார்கள் தெரியுமா என்று எகிறினேன். அவள் நிதானமாகக் கேட்டாள்.

"குடிச்சாங்க. திரும்பக் கேட்டாங்களா? ஒருத்தர் பேர் சொல்லுங்க, இப்பவே கிழிச்சுப் போட்டுடறேன்."

சத்துமாவு வாசனை

முளைகட்டிய பார்லியை உடைத்து வெந்நீரில் ஊறவைத்தால் தெருவே மணக்கும். காகிதம் ஒட்டிய முதல் சனிக்கிழமை அந்த வாசனையைப் பிடித்துக்கொண்டு வனஜா ஆன்ட்டி வந்துவிட்டார். இரண்டு வீடு தள்ளி மகனோடு இருக்கிறார், மாம்பலத்துக்காரர், பரம ஆசாரம். எங்கள் வீட்டுக்கு அவர் வருவது ஒரே காரியத்துக்குத்தான், கறிவேப்பிலை. போன குளிரில் தெருவிலிருந்த கறிவேப்பிலைச் செடியெல்லாம் பட்டுப்போய்விட்டது. ஆன்ட்டியுடையது குச்சியாக நின்றது. சுகந்தியின் செடி மட்டும், வீட்டுப் பின்பக்கம் பாட்டியோ என்கிற திறந்த முற்றத்து மூலையில் ஒரு பெரிய தொட்டியில், நாலு இலையோடு உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அதற்குப் புளித்த மோர் ஊற்றுவாள். எனக்கு அவ்வளவு கவனிப்பு கிடையாது.

ஆன்ட்டி கையில் மூடிபோட்ட ஒரு செம்பு இருந்தது. சத்துமாவுக் கஞ்சிதானே, பேத்திக்குக் கொஞ்சம் கொடு என்றார். நான் ஆமாம் என்று ஊற்றிக் கொடுத்திருக்கலாம். ஈஸ்ட் போடும்வரை அது வெறும் பார்லித் தண்ணீர்தான், குழந்தைகூடக் குடிக்கலாம். ஆனால் என் வாய் சும்மா இருக்குமா? இது இன்னும் பீர் ஆகவில்லை ஆன்ட்டி, ஆக இரண்டு வாரம் பிடிக்கும் என்று ஆரம்பித்து முழு விளக்கமும் கொடுத்தேன். பாதியிலேயே செம்பு அவர் முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. அன்றிலிருந்து அவர் வாக்கிங் எதிர்ப்பக்க நடைபாதைக்கு மாறியது. அன்றைக்குப் போகும்போது மட்டும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சொன்னார்.

"வாசனை எல்லாம் நன்னாத்தான் இருக்கு. அது போற வழிதான் சரியில்லை."

ஐஸ் போட்ட ஐபிஏ

மே மாதம் முதல் கிளாஸை ரமேஷுக்கு ஊற்றினேன். ஆபீஸ் சிநேகிதன், பத்து வருஷமாகக் கடையில் விற்கும் ஒரே லைட் பீரைத் தவிர வேறெதையும் தொடாதவன். நான் காய்ச்சியிருந்தது ஐபிஏ. ஹாப்ஸ் என்கிற ஒரு பூவைப் போட்டுக் கசக்கக் கசக்கக் காய்ச்சுகிற ரகம். அந்தக் கசப்புக்குத்தான் மதிப்பு. பாட்டியோவில் உட்கார வைத்து, முதலில் ஆரஞ்சுத்தோல் வாசனை வரும், அப்புறம் கசப்பு வரும், கடைசியில் நாக்கு சுத்தமாகும் என்று பத்து நிமிஷம் பாடம் எடுத்தேன். அவன் தலையாட்டிக்கொண்டே நாலு ஐஸ்கட்டி போட்டான். எலுமிச்சை பிழிந்தான். பிறகு குழந்தைகளுக்கு வைத்திருந்த லெமன் சோடாவை எடுத்து அரை கிளாஸுக்கு ஊற்றினான். அதற்கப்புறம் ஒரு வாய் குடித்துவிட்டு, டிஃபரன்ட்டா இருக்கு என்றான்.

நம்மவர்கள் அகராதி உங்களுக்குத் தெரிந்ததுதான். டிஃபரன்ட்டா இருக்கு என்றால் வாயில் வைக்க முடியவில்லை. ஹெல்த்தியா இருக்கும் போலயே என்றால் விழுங்கிவிட்டேன், இனி மாட்டேன். ரெசிபி அனுப்புங்க என்றால் பேச்சை மாற்றுங்கள். எல்லாம் தெரிந்தும் எனக்கு நம்பிக்கை விடவில்லை. ரமேஷ் கிளாஸோடு எழுந்து பாட்டியோவை ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தான். பார்த்தால் கிளாஸ் காலி. தூண்டக்கூடாது என்பது விதி. அதனால் ஜக்கைக் கையில் பிடித்துக்கொண்டு, கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்கிறவன் மாதிரி, அவன் பக்கத்திலேயே நின்றேன். அவன் இரண்டு கையாலும் கிளாஸை மூடிக்கொண்டான்.

"போதும் பாஸ். இது ஒண்ணே ஃபுல் மீல்ஸ் சாப்பிட்ட மாதிரி இருக்கு."

பஞ்சாமிர்தம்

கசப்புதான் பிரச்சினை என்று ஜூனில் கோதுமை பீருக்குத் தாவினேன். அதில் கசப்பு குறைவு. அந்த ஈஸ்டே வாழைப்பழ வாசனையும் கிராம்பு வாசனையும் கொடுக்கும், நாம் எதையும் சேர்க்க வேண்டியதில்லை. இதற்குச் சரியான ஆள் செந்தில் அண்ணன் என்று முடிவு பண்ணினேன். ஒட்டன்சத்திரத்துக்காரர், விஸ்கி குடிக்கிறவர், ஆனால் ருசி தெரிந்தவர். பிரியாணியில் ஒரு ஏலக்காய் கூடினால் சொல்லிவிடுவார். என்ன வாசனை வருது, கண்டுபிடிங்க அண்ணே என்று கொடுத்தேன். கண்ணை மூடி மூச்சை இழுத்தார். பழனி பஞ்சாமிர்தம் என்றார். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. உடனே அடுத்த வரியையும் சொன்னார். ஒருமுறை ஊரிலிருந்து கொண்டுவந்த பஞ்சாமிர்த டப்பாவைப் பெட்டிக்குள்ளேயே மறந்து, மூன்று மாசம் கழித்துத் திறந்தாராம். அந்த வாசனையாம்.

ஆல்கஹால் எத்தனை பர்சன்ட் என்று கேட்டார். ஐந்து என்றேன். வேலை போனவனைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்தார். கிளாஸோடு மூலைப்பக்கம் போய் நின்று, பாதி காலியாகத் திரும்பி வந்தார். ஒரே மூச்சில் பாதி குடித்துவிட்டாரே என்று நான் பூரித்துக்கொண்டிருக்கும்போதே, காரிலிருந்து தன் விஸ்கியை எடுத்து வந்து அந்தப் பாதியை நிரப்பினார். என் தோளில் கை வைத்தார், பாசமான மனுஷன்.

"தம்பி, உன் உழைப்பு நல்லாத் தெரியுது. போதைதான் தெரியலை."

குலுக்கிய பாட்டில்

வீட்டு பீரில் பாட்டில் அடியில் கொஞ்சம் வண்டல் தங்கும். ஈஸ்ட் தான், ஒன்றும் செய்யாது. அசைக்காமல் மெல்ல ஊற்ற வேண்டும், அவ்வளவுதான். ஜூலை நாலாம் தேதி லாங் வீக்கெண்டில் பத்துப் பேரைக் கூப்பிட்டிருந்தேன். நான் உள்ளே கிளாஸ் எடுக்கப் போன நேரத்தில் ரமேஷின் மனைவி கவிதா ஒரு பாட்டிலைக் கையில் எடுத்திருக்கிறார். அடியில் வண்டல். மேலே என் கையெழுத்தில் தேதி எழுதிய லேபிள். பழுப்புக் கண்ணாடி. அவர் அம்மா வீட்டில் அலமாரி நிறைய அரிஷ்டம் இருக்குமாம். கைப்பழக்கத்தில் நன்றாகப் பத்துத் தரம் குலுக்கிவிட்டுத் திறந்துவிட்டார்.

பீர் கூரைக்குப் போனது. அங்கிருந்து மின்விசிறிக்கு வந்தது. மின்விசிறி சும்மா இருக்குமா, எல்லாருக்கும் சமமாகப் பங்கு போட்டது. சுகந்தியின் புது சோபா, செந்தில் அண்ணன் கொண்டுவந்த ட்ரே பிரியாணி, அண்ணனின் வெள்ளைச் சட்டை, ஒன்றும் பாக்கியில்லை. சுகந்தி துணியை எடுத்துவந்து துடைத்தாள். துடைக்கும்போது ஃப்ரிட்ஜ் கதவிலிருந்த காகிதத்தையும் ஒரு தரம் துடைத்து நேராக வைத்தாள். கவிதா முகத்தில் ஈயாடவில்லை. பரவாயில்லை, பரவாயில்லை என்று நான்தான் தேற்றினேன்.

"சாரிங்க. மருந்துன்னா குலுக்கணும்னு கை பழகிப்போச்சு."

காலி கிளாஸ்கள்

ஆகஸ்டில் கடைசி முயற்சி. கறுப்பு பீர், ஓட்ஸ் போட்டது, காப்பி வாசனை. காப்பி பிடிக்காத தமிழன் உண்டா? பதினாலு பேர் வந்தார்கள். உள்ளே ஏசி ஓட, வெளியே நூறு டிகிரி வெயில். ஆனால் என்ன ஆச்சரியம், கிளாஸ் வாங்கிய அத்தனை பேரும், காத்தாட நின்னு குடிக்கிறோம் என்று ஒவ்வொருவராகப் பாட்டியோவுக்குப் போனார்கள், வேர்த்து விறுவிறுத்துத் திரும்பி வந்தார்கள். ஒரு கிளாஸிலும் ஒரு சொட்டு மிச்சமில்லை. யாரும் இரண்டாவது கேட்கவில்லை, வாஸ்தவம். ஆனால் பதினாலு காலி கிளாஸ்.

எல்லாரும் கிளம்பியதும் கிளாஸ்களைச் சமையல் மேடையில் வரிசையாக அடுக்கி சுகந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். காலி கிளாஸ் என்று காகிதத்தில் இல்லையே என்றாள். அவளுக்கு அன்றைக்கு வேறு சந்தோஷம். கறிவேப்பிலைச் செடி அந்தக் கோடையில் என் தோள் உயரம் வளர்ந்திருந்தது. ஒவ்வொரு இலையும் கரும்பச்சையாக, சின்ன விரல் நீளம். வந்த பெண்களெல்லாம் ஆளுக்கொரு கொத்து ஒடித்துக்கொண்டு, என்ன போடறீங்க என்று கேட்டுக் கேட்டுப் போனார்களாம். புளிச்ச மோர், வேறொண்ணுமில்லை என்று அவளும் காது குளிரக் கேட்டுச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறாள். மோர் ஊற்றும் முறையைப் பற்றி எனக்கே ஒரு பாடம் எடுத்தாள்.

ரசத்துக்கு இலை பறிக்க எங்கள் மகள் மீராவை அனுப்பினாள். பதினாலு வயது, தமிழ் புரியும், பதில் இங்கிலீஷில்தான் வரும். கொத்தோடு உள்ளே வந்தவள் அதை முகர்ந்து பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, த பிளான்ட் ஸ்மெல்ஸ் லைக் யூ."

விசாரணை

நானும் சுகந்தியும் போய்த் தொட்டிப் பக்கத்தில் குனிந்தோம். மண்ணில் நுரை இன்னும் அடங்கவில்லை. காப்பி வாசனை குப்பென்று வந்தது. அங்கேயே நின்று ரமேஷுக்கு ஃபோன் போட்டேன். இரண்டு நிமிஷம் மழுப்பினான், மூன்றாவது நிமிஷம் உடைந்துவிட்டான். மே மாதத்திலிருந்தே கிளாஸெல்லாம் தொட்டியில்தான் காலியானதாம். அவன் ஆரம்பித்து வைத்தானாம், பிறகு வருகிறவர்களுக்கெல்லாம் மூலையைக் கைகாட்டி விட்டானாம். செந்தில் அண்ணனின் பாதி கிளாஸும் அங்கேதான் போயிருக்கிறது.

சொல்கிறேனே, எனக்கு அழுகை வந்துவிட்டது. பிடிக்கவில்லை என்று ஒருத்தன் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால் ஒரு நாள் கோபித்துக்கொண்டு விட்டிருப்பேன். ஒரு கோடை முழுக்க என் காலி கிளாஸைப் பார்த்து நான் பூரித்ததை நினைத்தால் வெட்கமாக இருந்தது. பக்கத்தில் சுகந்தி முகமும் சரியில்லை. அவள் மோரின் பெருமையும் அந்தத் தொட்டியோடு போயிற்று அல்லவா. சிரிப்பாள் என்று பயந்தேன், அவள் சிரிக்கவில்லை. ஒருதடவை நடந்தா அது ப்ரூஃப் இல்லை, பீராலதான் வளர்ந்துச்சான்னு இன்னொரு செடியில பார்க்கணும் என்று முணுமுணுத்துக்கொண்டு ஒரு பாட்டிலை எடுத்துத் துணிப்பையில் போட்டாள். வனஜா ஆன்ட்டியின் குச்சிச் செடிக்கு என்று கொண்டுபோனாள். ஆன்ட்டி எப்படி வாங்கிக்கொண்டார் என்று எனக்குத் தெரியாது, கேட்கும் மனநிலையிலும் இல்லை. காதில் ரமேஷ் சொன்னதுதான் ஓடிக்கொண்டிருந்தது.

"நீங்க அவ்வளவு ஆசையா செஞ்சது பாஸ், சிங்க்ல கொட்ட மனசு வரலை. செடிக்குக் கொடுத்தா பாவம் இல்லைல்ல?"

லேபர் டே

கெடு நாள் வந்தது. நான் சண்டை போடவில்லை. காலையிலேயே பாத்திரத்தைக் கழுவித் துடைத்து, குழாய்களைச் சுருட்டி, பக்கெட்டுகளை ஒன்றுக்குள் ஒன்று போட்டு, பணியாரக்கல் காரிலேயே ஏற்றினேன். சுகந்தி உதவிக்கு வந்தாள். பழைய ஃப்ரிட்ஜைக் காலி பண்ணும்போது, கறுப்பு பீரில் ஆறு பாட்டில் மிச்சமிருந்தது. இதையும் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன். இருக்கட்டும் என்றாள்.

அப்போது கராஜ் வாசலில் வனஜா ஆன்ட்டி. ஏப்ரலுக்கு அப்புறம் இந்தப் பக்கம் கால் வைக்காதவர். கையில் அதே மூடிபோட்ட செம்பு. தெருவில் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே வந்து, பையன்கிட்ட சொல்லிடாதே என்று முதலில் சத்தியம் வாங்கிக்கொண்டார். அவருடைய குச்சி ஒன்பது இடத்தில் துளிர்விட்டிருக்கிறதாம். காலையில் எண்ணிப் பார்த்தாராம். நான் ஒரு வார்த்தையும் பேசவில்லை, தூண்டக்கூடாது என்ற விதி அந்த நிமிஷத்திலும் என் வாயைக் கட்டிப்போட்டிருந்தது. ஆன்ட்டி செம்பின் மூடியைத் திறந்து என் முன்னால் நீட்டினார்.

"அன்னிக்குக் குடுத்தது தீர்ந்துடுத்து. இன்னும் கொஞ்சம் விடேன்."

செம்பு வழிய ஊற்றினேன். ஆன்ட்டி அதை மூடி, முந்தானையால் மறைத்துக்கொண்டு போய்விட்டார். சுகந்தி உள்ளே போனாள். ஃப்ரிட்ஜ் கதவிலிருந்து காகிதத்தை எடுத்துவந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலிருந்து கீழ்வரை ஒரு தரம், கீழிருந்து மேலே ஒரு தரம் படித்தாள். தான் எழுதியதில் ஓட்டை இருக்கிறது என்று தெரிந்ததும் அவள் முகம் போன போக்கை நான் எங்கேயும் பார்த்ததில்லை. ஆனால் டெஸ்டிங்காரி, எழுதியதற்கு மேல் போக மாட்டாள். காரிலிருந்து பெரிய பாத்திரத்தைத் தானே தூக்கிப் பழைய இடத்தில் வைத்தாள்.

"வெளியாள், ரெண்டாவது தடவை, அவங்களாவே கேட்டாங்க. குடிக்கணும்னு நான் எழுதலை. பாஸ்."

காப்பெல் முழுக்க நான் ஊற்றிக் கொடுத்ததில், ஐஸ் கேட்காமல், பர்சன்ட் கேட்காமல், முகம் சுளிக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தவை இரண்டு கறிவேப்பிலைச் செடிகள்தான், அவற்றுக்கு நாக்கு இல்லை என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்றே நான் நம்பிக்கொண்டிருக்கிறேன்.